குழாய்க்குப் பின்னால் பாடியவள்

ஒரு பெண்ணின் குரல் இசைத்தட்டில் ஏறாமல் போனதற்கு நானே காரணம். ஏற வேண்டிய நேரத்தில் குறுக்கே நின்று கதவைச் சாத்தியவன் நான்.

இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் லைசென்ஸ் கட்டணத்தைத்தான் குறை சொன்னேன். அது பொய்யில்லை... ஆனால் முழு உண்மையும் இல்லை. உங்களிடமாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டியிருந்த ஒரு காப்பி கிளப்பில் நான் ஆர்மோனியம் வாசித்தேன். வேதவல்லி பாடினாள். ரயில்வே பட்டறை விட்டதும் ஆட்கள் நேராக அங்கேதான் வருவார்கள். ஒரு காப்பிக்கு இரண்டு பாட்டு. எங்கள் இருவர் வயிறும் அதில் நிறைந்தது.

பிறகு லைசென்ஸ் கட்டணத்தை ஏற்றினார்கள். கடையில் கிராமபோன் வைத்தால் ஒரு கட்டணம், ஆள் உட்கார்ந்து பாடினால் வேறு கட்டணம் என்று முன்பே உண்டு. ஆள் பாட்டுக்கானதை மட்டும் ஒரேயடியாகத் தூக்கிவிட்டார்கள். பட்டணத்து டான்ஸ் ஹால்களுக்கு அது கொசுக்கடி. எங்களைப் போன்ற சில்லறைக் கடைகளுக்குக் கழுத்தில் கத்தி.

முதலாளி சிதம்பரம் நல்லவர்தான். ஆனால் அன்று முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கிராமபோன் பிளேட்டு வாங்கி வச்சிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்கங்க லா. என்னால முடியாது."

வேறு இடம் எங்கே இருந்தது? எல்லாக் கடையிலும் அதே உத்தரவுதான். அப்போது என் மண்டையில் ஒரு யோசனை உதித்தது. அந்த யோசனைக்காக அன்று எத்தனை பெருமைப்பட்டேன் தெரியுமா?

கடையையும் சமையற்கட்டையும் ஒரு பலகைத் தடுப்பு பிரித்திருந்தது. அதில் ஓட்டை போட்டேன். கிராமபோனின் பெரிய குழாயைக் கழற்றி, அதன் சிறிய வாயை அந்த ஓட்டைக்குள் செருகினேன். இந்தப் பக்கம் மேசைமேல் பெட்டி. அதில் தட்டு ஊசி படாமல், சத்தமில்லாமல் சுழலும். அந்தப் பக்கம் வேதவல்லி முக்காலியில் அமர்ந்து, குழாயின் வாயில் வாய் வைத்துப் பாடுவாள். இங்கே கேட்பவர்களுக்கு அது தட்டில் வரும் குரல் போலவே சற்று மூக்கடைத்துக் கேட்கும். கட்டியதோ கிராமபோன் கட்டணம்!

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். வேதவல்லி சிரிக்கவில்லை.

"எம் மொகத்தை யாரும் பாக்க மாட்டாங்களாண்ணே?"

"மொகமா பாடுது? யாருகிட்டயும் மூச்சு விடாதே. என்னைக் கேக்காம ஒரு வார்த்தை பேசக்கூடாது."

தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. பெட்டிக்கு யாராவது சாவி கொடுக்க வேண்டும். ஒரு பக்கத் தட்டு ஓடி முடியும் நேரத்தில் பலகையைத் தட்டி அவளை நிறுத்தவும் வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. என் ஆர்மோனியம் உள்ளே போய்விட்டது. அவள் அதில் ஒரே சுரத்தை அழுத்திக்கொண்டு சுருதிக்கு வைத்துக்கொண்டாள். பதினைந்து வருஷம் வாசித்த நான் பெட்டிக்குச் சாவி கொடுப்பவன் ஆனேன்.

அதிலிருந்துதான் எனக்குச் சந்தேக வியாதி பிடித்தது. யார் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாலும் லைசென்ஸ் ஆபீஸ் ஒற்றன் என்று தோன்றும். முதலாளி மெல்லப் பேசினால் என்னை விலக்கப் பேசுகிறார் என்று தோன்றும். வேதவல்லி பின்சந்து வழியாகப் போகும்போது யாரைப் பார்க்கப் போகிறாள் என்று எட்டிப் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் வரத் தொடங்கினார். தினமும் அதே மூலை மேசை, ஒரு காப்பி, ஒரு சிறிய நோட்டுப் புத்தகம். பாட்டு முடிந்ததும் எதையோ குறித்துக்கொள்வார். இவர்தான் அந்த ஒற்றன் என்று நினைத்தேன்.

ஒரு நாள் வேதவல்லி பாட்டில் மூழ்கிவிட்டாள். நான் பலகையைத் தட்டினேன். அவளுக்குக் கேட்கவில்லை. தட்டு தளர்ந்து, தள்ளாடி, நின்றேவிட்டது. பாட்டு மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது... கடையில் இருந்தவர்கள் ஆடுபுலி ஆட்டத்தில் இருந்தார்கள். கோட்டுக்காரர் மட்டும் நின்றுபோன தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

மறுநாள் ரயில்வே கேட் அருகே அவரும் வேதவல்லியும் பேசிக்கொண்டு நிற்பதை என் கண்ணால் பார்த்தேன். அவர் ஏதோ கேட்கிறார். இவள் எங்கள் கடைப்பக்கம் கையைக் காட்டுகிறாள். காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். போய் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. சந்தேகப்படுகிறவன் கேட்க மாட்டான். கேட்டால் சந்தேகம் தீர்ந்துவிடுமே.

அதற்கு மறுநாள் மத்தியானம், கடை காலியாக இருந்த நேரம், அவர் நேரே என்னிடம் வந்தார்.

"உள்ள பாடறவங்களப் பத்திப் பேசணும்."

"உள்ள யாரும் இல்லிங்க. பிளேட்டு."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். சிங்கப்பூர் விலாசம். இசைத்தட்டுக் கம்பெனி ஏஜண்டு!

"பயப்படாதீங்க. நான் லைசென்ஸ் ஆள் இல்ல. நேத்து அந்தம்மாகிட்டயே கேட்டேன். அண்ணனைக் கேளுங்க, அவர் சரின்னா சரின்னு உங்களக் கை காட்டினாங்க. நாளைக்குக் கப்பல். சம்மதம்னா அவங்களுக்கும் கூட ஒரு ஆளுக்கும் டிக்கெட் என் பொறுப்பு."

கவனியுங்கள். இந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் ஒற்றனில்லை. அவள் காட்டிக் கொடுக்கவில்லை. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். பயந்து பொய் சொன்னேன் என்று இத்தனை நாள் என்னையே ஏமாற்றி வந்தேனே... பயம் அந்தச் சீட்டைப் பார்த்ததுமே போய்விட்டது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஆர்மோனியத்துக்கு?"

"வாத்தியக்காரங்க அங்கயே இருக்காங்க. குரல் மட்டும் போதும்."

குரல் மட்டும் போதும். அந்த வார்த்தை எனக்குச் சுரீரென்று தைத்தது. அவள் கப்பல் ஏறுவாள். நான் உண்மையான தட்டுக்குச் சாவி கொடுத்துக்கொண்டு இங்கேயே கிடப்பேன். அதற்கும் முதலாளிக்கு ஆள் தேவையா என்ன?

"அவளுக்கு இஷ்டமில்லிங்க," என்றேன். "உங்க மொகத்துக்கு நேரா சொல்லக் கூச்சப்பட்டு எங்கிட்ட அனுப்பியிருக்கா. வெளியூரெல்லாம் போக மாட்டா."

மனம் மாறினால் அந்த விலாசத்துக்கு எழுதச் சொல்லிவிட்டு அவர் போனார். சீட்டைக் கிராமபோன் ஊசி டப்பாவுக்கு அடியில் செருகினேன். அன்று மாலையும் வேதவல்லி பாடினாள். பாட்டுக்குப் பாட்டு, பலகை இடுக்கு வழியாக மூலை மேசையை எட்டிப் பார்த்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் காப்பாற்ற நினைத்த பிழைப்பு என்ன ஆயிற்று என்கிறீர்களா? அடுத்த ஆண்டு கிராமபோனுக்கும் கட்டணத்தை ஏற்றினார்கள். முதலாளி பெட்டியையே மூடிவிட்டார். கடையில் அதன்பிறகு கரண்டிச் சத்தம்தான். வேதவல்லி பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனாள் என்று கேள்விப்பட்டேன். நான் ஓர் இசைத்தட்டுக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன்.

போன மாதம் கிள்ளான் பாசாரில், சந்தைக் கூட்டத்துக்கு நடுவே அவளைப் பார்த்தேன். கூடையில் கருவாடு. கை விரல்களில் ரப்பர் பால் கறுத்துக் கிடந்தது. என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? வாசிக்கிறீங்களா இன்னும்?"

ஏதோ சொல்லி மழுப்பினேன். நகரப் பார்த்தேன். அவள் கூடையைக் கை மாற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அந்தக் கோட்டுக்காரரு... அப்ப உங்களைப் பாக்க வந்தாராண்ணே?"

எத்தனை வருஷங்கள்! வாய் திறந்து உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே இடம் அது. என்ன புத்தி எனக்கு... அந்த நேரத்திலும் சந்தேகம்தான் வந்தது. தெரிந்துகொண்டே கேட்கிறாளோ? என்னைச் சோதிக்கிறாளோ? முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை.

"இல்லையே. வரவே இல்ல."

"நானும் அப்டித்தாண்ணே நெனச்சேன்," என்றாள். "பக்கத்துல நின்னு பேசிப் பாத்தாரு, புடிக்கல போலிருக்கு. நெசமாவே நல்லாப் பாடியிருந்தா வந்திருப்பாருல்ல. அதுக்கப்புறம் எனக்குப் பாடவே தோணல."

பந்திங் பஸ் வந்தது. எனக்கு நாலு கருவாடு கட்டிக் கொடுத்துவிட்டு ஏறிப் போனாள்.

அந்தச் சீட்டு, கடையிலிருந்து நான் கையோடு கொண்டுவந்த ஊசி டப்பாவுக்கு அடியில்தான் இன்னும் இருக்கிறது. அவள் இருக்கும் தோட்டத்தின் பெயரும் எனக்குத் தெரியும். நான் இன்னும் போகவில்லை.