காப்புக்கு முன்னால் ஊர் தாண்டினேன்

அன்று தேனி ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர். அவருடைய அண்ணன், எனக்கு மூத்தார். மூத்தாரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன். எதிர் பெஞ்சில் எங்கள் சபைப் போதகரின் மனைவி. அந்த அம்மா பக்கத்தில் உட்கார மூத்தாருக்கு மனமில்லை, அதனால் தனி பெஞ்சு. பிறகு நான்.

பயாப்சி (ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்திருந்தது. டாக்டரம்மா என்னையும் வீட்டுக்காரரையும் உள்ளே கூப்பிட்டார்.

"மார்புல புற்றுநோய். அக்குள் வரைக்கும் வந்திருக்கு. குணப்படுத்தலாம். ஆனா இனிமே குடுக்கிற தேதியத் தள்ளக் கூடாது."

வெளியே வந்து சொன்னோம். மூத்தார் பேசிய முதல் வார்த்தை, "சாமிய விட்டுட்டுப் போனா வேற என்ன வரும்?"

"இங்கன வேணாம்ணே" என்றார் வீட்டுக்காரர்.

போதகரம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். 

அந்த மாதிரி பெஞ்சில் இப்போது உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்குக் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலை. பந்தலுக்குக் கீழே நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கி, கொத்தில் நெருக்கி நிற்கும் பிஞ்சுகளைக் கத்தரிக்க வேண்டும். பொழுது முழுக்கக் கை மேலேயே இருக்கும். அதனால் தோள் வலியும் அக்குளில் நெறி (வீக்கம்) கட்டுவதும் அங்கே எல்லாருக்கும் உண்டு. பந்தல் நெறி என்போம். எனக்கு இடது அக்குளில் கட்டி வந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தடவினேன். பக்கத்தில் கத்தரித்தவள் தொட்டுப் பார்த்து, "எனக்கு ரெண்டு பக்கமும் இருக்குடி, நீ ஒன்ன வச்சுக்கிட்டு ஊரக் கூட்டுற" என்று சிரித்தாள்.

வலிக்கவில்லை. அதனால் விட்டுவிட்டேன். ஒரு அறுப்பு போனது, அடுத்த கவாத்தும் (கொடியை வெட்டிவிடுவது) போனது. கட்டி கரையவில்லை. வலிக்கிறதைவிட வலிக்காத கட்டியைத்தான் சீக்கிரம் காட்ட வேண்டும் என்று பிறகு டாக்டரம்மா சொன்னார். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நோய் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு ஞானஸ்நானம் எடுத்திருந்தேன். வீட்டில் நான் ஒருத்திதான். வீட்டுக்காரர் தடுக்கவில்லை, கூட வரவும் இல்லை. மூத்தார் என் கையால் தண்ணீர் வாங்குவதை நிறுத்தினார். நோய் வந்ததும் அவர் சொன்னது சரிதான் என்று தெருவே பேசியது.

ஆபரேஷன் ஆனது. இடது மார்பையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு கீமோ (மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவது). மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போய், ஓர் இரவு தங்கி வர வேண்டும். முடி கொட்டியது. வாயில் புண். தண்ணீர்கூட இரும்பு மாதிரி ருசித்தது.

முதலில் கர்த்தரிடம் நான் கேட்டது கட்டி கரைய வேண்டும் என்று. கரையவில்லை. அப்புறம் மூத்தார் வாய் அடங்க வேண்டும் என்று கேட்டேன். அதுவும் நடக்கவில்லை. பிறகு, இன்றைக்குப் பொழுதைத் தாங்க வேண்டும் என்று மட்டும் கேட்கத் தொடங்கினேன். பயம் போகவில்லை. பயத்தோடுதான் முழங்காலில் நின்றேன்.

நாலாவது கீமோவின் தேதி ஊர் அம்மன் திருவிழாவில் விழுந்தது. எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால், அப்போது ஊருக்குள் இருப்பவர்கள் திருவிழா முடியும்வரை வெளியூரில் இராத்தங்கக் கூடாது. வீட்டுக்காரர் எனக்காகத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார். என்னிடம் கேட்கவில்லை.

"எனக்காக வேணாங்க. நான் ஜெபிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்."

"நீ உன் சாமிகிட்டக் கேளு. எனக்குத் தெரிஞ்ச சாமிகிட்ட நான் கேக்குறேன். கையக் கட்டிக்கிட்டு உன்னப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றியா?"



மூத்தார் அவர் பங்குக்குச் சொன்னார். "ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப்போகாது. திருவிழா முடிஞ்சு போகட்டும். காப்புக் கட்டுன வீட்டுப் பொம்பள வெளிய தங்குனா சட்டி எடுக்கிறவனுக்கு ஆகாது."

போகாவிட்டால் நோய். போய், வீட்டுக்காரர் கையில் ஒரு கொப்புளம் வந்தால்கூட ஆயுசுக்கும் அது என்னால்தான்.  போதகரம்மாவிடம் போய் அழுதேன்.

"தேதிய விடாதம்மா" என்றார். "ஆனா சண்ட போட்டுட்டு ஓடி வராத. மூத்தவர் முன்னாடி நின்னு சொல்லிட்டு வா. கர்த்தர் வழி விடுவாரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்லுவது அவருக்குச் சுலபம். ஆனாலும் போனேன். மூத்தார் வாசலில் உட்கார்ந்திருந்தார். அக்கா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் போகணும். உங்க சாமிய மதிக்காம இல்ல. எனக்குச் சாகப் பயமா இருக்கு."

மூத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா மொச்சையிலிருந்து தலை தூக்காமல் கேட்டார். "காப்பு எப்பக் கட்டுறாக?"

"செவ்வாக்கிழம சாயங்காலம்" என்றார் மூத்தார்.

"அப்ப அவ செவ்வாக்கிழம காலையிலயே கெளம்பிரட்டும். கட்டும்போது ஊருக்குள்ள இல்லாதவளுக்கு என்ன கட்டு? போன வருசம் நம்ம மக பிரசவத்துக்கு வெளிய கெடந்தாளே, அப்ப எவன் சட்டி ஒடஞ்சுச்சு?"

"இவ தனியாவா போவா?"

"நான் போறேன்."

"திருவிழாவுக்கு நீ இல்லாமயா?"

"ஒரு வருசம் நீங்க பொங்க வைங்க. அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியும்ல?"

பின்னால் நின்ற வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மூத்தார் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்து போனார். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மருந்து ஏற்றும் நாள் வரைக்கும் தேனியில் போதகரம்மாவின் தங்கை வீட்டில் தங்கினோம். அந்த வீட்டில் மத்தியானம் கறிக்குழம்பு. அக்கா தொடவில்லை. "ஊர்ல அவுக வெரதம் இருக்காக. எனக்கு ஊறுகா போதும்" என்றார். பிறகு என் காதில், "ஏன்டி, உங்க ஆளுக மசாலாவக் கொஞ்சம் கொறச்சு அரைக்கக் கூடாது? வாசன ஆளக் கொல்லுது" என்றார். எனக்காகத்தான் வந்தாரா என்று கேட்டேன். "ஒரு வாரம் சோறாக்காம உக்காரத்தான் வந்தேன் ஆத்தா" என்றார்.

மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்கா என் காதில் வைத்தார்.

"சட்டிய எறக்கி வச்சுட்டேன்" என்றார் வீட்டுக்காரர்.

"கை சுட்டுச்சா?"

"இல்ல. உனக்கு?"

"ஊசி எடம் எரியுது."

 போனை வைத்ததும் நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அக்கா பக்கத்தில் அம்மனைக் கும்பிட்டார்.

யார் கேட்டு நான் பிழைத்தேன் என்று தெருவில் பேச்சு இன்னும் ஓயவில்லை. நான் வாதாடுவதில்லை. முன்பு வாதாடுவேன். யாரை நம்பி அந்தக் கட்டிலில் படுத்தேன் என்பது எனக்குத் தெரியும். அது போதும். மூத்தார் இன்றும் என் கையால் தண்ணீர் வாங்குவதில்லை. அவருக்காகவும் ஜெபிக்கிறேன், வாய் அடங்க வேண்டும் என்று இல்லை.

இடது கை இப்போது என்னுடையது மாதிரி இல்லை. நெறிக்கட்டிகளை எடுத்ததால் நிணநீர் (உடம்பில் ஓடும் ஒரு நீர்) வடியாமல் தேங்கி வீங்குகிறது. வளையல் ஏறாது. ஊசி போடவும் பிரஷர் பார்க்கவும் அந்தக் கையைக் கொடுக்கக் கூடாது. நாமேதான் முந்திச் சொல்ல வேண்டும், அவர்களுக்கு மறந்துபோகும். படுக்கும்போது அதைத் தனியாகத் தூக்கித் தலையணையில் வைக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டி வந்தேன். இந்த முறை டாக்டரம்மா, "நல்லா இருக்கீங்க. இனி ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்" என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

"மூணு மாசத்துலயே வாறேனே."

"ஏம்மா, வீட்ல வேல இல்லையா?"

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். ஊசியும் தேதியும் இருந்தவரை, யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று பாதிப் பாரத்தை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தேன். இனி உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்த்துச் சொல்லப் போவதில்லை. முழுவதையும் கர்த்தர் கையில் கொடுத்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். அப்படி நான் இதுவரை கொடுத்ததில்லை.

அக்காவிடம் அடுத்த தேதிக்கு எத்தனை நாள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

நூற்றெண்பத்திரண்டு.