எல்லாருக்கும் தொப்பி

திருநாவுக்கரசு என்று பெயர் வைத்த பெற்றோருக்கு, பிள்ளையின் நாக்கு ஒவ்வொரு சொல்லின் வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகும் என்று அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்குத் தமிழே திக்கும். அப்படிப்பட்டவர் சுனாமிக்குப் பிறகு, வீடு கட்டும் ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசராக அந்தமானின் போர்ட் பிளேருக்கு வந்து, வங்காளிகளையும் தெலுங்கர்களையும் இந்தியில் மேய்க்க வேண்டியதாயிற்று. பெரும்பாலும் கையாலேயே பேசினார்.

தொப்பி வந்தது அந்தக் கையை நம்பித்தான். யாரோ லாட்ஜில் விட்டுப்போன சிடியில், ஒரு வெள்ளைக்காரன் வாயே திறக்காமல் தொப்பியைத் தோளிலிருந்து விரல்வரை உருட்டினான்; காலால் எற்றித் தலையில் ஏற்றினான். கூட்டம் கைதட்டியது. மனிதனுக்கு வாய் கட்டாயமில்லை என்பது திருநாவுக்கரசுக்குப் பெரிய செய்தி.

அபர்தீன் பஜாரில் வாங்கிய ஓலைத்தொப்பி கடற்காற்றில் பறந்ததே தவிர, கையில் உருளவில்லை. தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளை விளிம்புக்குள் வைத்துத் தைத்தார். பிறகு உருண்டது, மூக்கிலும் விழுந்தது.

"ஊருக்கெல்லாம் வீடு கட்ட வந்த மனுஷன், லம்பா லைன் வீட்டுல மூக்கைப் பேத்துக்கிட்டு நிக்கிறாரு" என்றாள் மனைவி நீலாவதி. "குழம்புச் சட்டிப் பக்கம் மட்டும் வராதீங்க."

பத்துபஸ்தி முகாமில், சுனாமியில் வீடிழந்த தகரக் கொட்டகைவாசிகள் பொங்கல் விழா வைத்தார்கள். ஒரு தடவையாவது மேடை ஏறி, நாக்குக்காகச் சிரிப்பு வாங்காமல் இறங்கிவிட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். விழாக்காரர்கள் விடவில்லை. "ஏக் லைன் போல்னா படேகா, பாய்!" ஒரு வரியாவது பேசியே ஆக வேண்டுமாம், அதுவும் எல்லாருக்கும் புரியும் இந்தியில்.

கடைசி வித்தை, முன்வரிசைத் தலைகளில் தொப்பியை வீசி மாட்டுவது. எனவே 'எல்லாருக்கும் தொப்பி போடுவேன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் இந்தியாக்கி, குளியலறையில் மனப்பாடம் செய்தார். சரியா என்று யாரையும் கேட்கவில்லை. கேட்பதென்றால் பேச வேண்டும்.

மேடையில் அது திக்காமலே வந்தது. "மே சப்கோ டோபி பஹ்னாவூங்கா!"

தமிழன் நாமம் போடும் இடத்தில் இந்திக்காரன் தொப்பி போடுகிறான் என்பது அவருக்குத் தெரியாது. வீட்டுக்காக நாலு வருடம் தகரத்துக்கடியில் வெந்தவர்களிடம், ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து, உங்கள் எல்லாரையும் ஏமாற்றப்போகிறேன் என்று சத்தியம் செய்கிறார்!

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கொட்டகைக்காரி மரகதம் எழுந்தாள். "பஹ்லே மகான் தோ, பிர் டோபி!" முதலில் வீட்டைக் கொடு, அப்புறம் தொப்பி.

அவர் கையிலிருந்து தொப்பி நழுவியது. நீலாவதி மேடையோரம் ஓடிவந்தாள். "ஐயோ, எல்லாருக்கும் நாமம் போடப்போறேன்னு சொல்லிட்டீங்க! சிரிப்பு அதுக்குத்தான்."

நாக்குக்காக இல்லையா? அவருக்கு அது போதும். குனிந்து தொப்பியை எடுத்தார்.

"ம… மகான் மிலேகா," என்றார். "டோ… டோபி ஃப்ரீ." வீடு கிடைக்கும், தொப்பி இலவசம்.

கூரை அதிர்ந்தது. தொப்பி தோளில் உருண்டு, விரல் நுனியிலிருந்து பறந்து, மரகதத்தின் கொண்டையில் போய் உட்கார்ந்தது.

மறுநாள் வேலையிடத்துக்கே வந்துவிட்டாள் மரகதம். "தொப்பிக்கார அண்ணே, எங்க வீட்டுக்குக் கதவு எப்போ?"

பேசாமலிருக்க வித்தை கற்றவர், கப்பல் தாமதத்திலிருந்து கீல் வரைக்கும் திக்கித் திக்கி விளக்கினார். அவர் முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தாள் அவள்.

கதவு அடுத்த கப்பலில் வந்தது. கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் மூடியது.