மருந்துக்குக் கேட்காத ஈ

என் பேத்தியின் கடைவாயில் ஈ மொய்த்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மகள் ஓசூரிலிருந்து குழந்தையோடு வந்து முழுசாக ஒரு வாரம்கூட ஆகவில்லை. குழந்தைக்கு வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மகள் பையைக் கட்டினாள். "ஈயெல்லாம் போகட்டும்ப்பா, அப்புறமா வரேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கலெக்டர் ஆபீசில் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவன் நான். ஆபீஸ் இருக்கிற அதே வேங்கிக்காலில்தான் வீடும். மனைவி போனபிறகு அந்த வீட்டில் நானும் டிவியும்தான். மகள் வந்துபோவது ஒன்றுதான் எனக்கு நல்லநாள், பெரியநாள் எல்லாம். அதற்கும் ஒரு ஈ குறுக்கே நிற்குமென்றால் சும்மா விடுவேனா?

பஸ் ஸ்டாண்டு பக்கம் பூச்சிமருந்துக் கடை ஒன்று உண்டு. அங்கே ஒரு பாட்டில் வாங்கிவந்து அடித்தேன். முதல் நாள் எள்ளைக் கொட்டியதுபோல உதிர்ந்தன. பெருக்கி அள்ளும்போது எனக்கு இருந்த மிதப்பைப் பார்க்கவேண்டுமே! மகளுக்குப் போன் போட்டுப் பெருமை வேறு பீற்றிக்கொண்டேன். "பார்ப்போம்ப்பா" என்றாள்.

பார்த்தோம். சில வாரங்களில் அதே மருந்துக்கு ஈ மல்லாந்து விழும், காலை உதறும், பிறகு எழுந்துபோய் என் சோற்றில் உட்காரும். கடைக்காரர், "கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்தி அடிங்க சார்" என்றார். ஜாஸ்தியாக ஊற்றியதில் எனக்குத்தான் இருமல் வந்தது. பிறகு சிவப்பு மூடி பாட்டில், அதற்குப் பிறகு பச்சை மூடி. ஈக்களோ பந்திக்கு வந்த சம்பந்தி வீட்டார் மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த கூட்டம் போட்டுவிட்டுப் போன எச்சில் தட்டுகள்தான் காரணம் என்று, வந்தவன் போனவனையெல்லாம் திட்டித் தீர்த்தேன். திட்டுவதைக் கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை.

ஒரு மத்தியானம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பாட்டில்களையும் ஜன்னலோரம் வைத்துப் படித்தேன். மேலே மூன்று பெயர்கள். அடியில் பொடி எழுத்தில், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் மட்டும் மூன்றிலும் ஒன்றேதான். அட நாசமாப் போக! நாற்காலியை மாற்றிப் போட்டு உட்கார்ந்த அதே குமாஸ்தா. முதல் நாள் செத்தது செத்தது. அந்த மருந்தைத் தாங்கிப் பிழைத்த சிலதுதான் பிறகு முட்டை இட்டிருக்கின்றன. அவற்றின் பிள்ளைகளுக்கும் அந்தத் தாக்குப்பிடிக்கிற உடம்பு. சோப்ளாங்கிகளைக் கொன்றுபோட்டு, கெட்டியானதாகப் பார்த்து நானே வளர்த்துவிட்டிருக்கிறேன்.

பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு கடைக்குச் சண்டைக்குப் போனேன். கடைக்காரர் அசரவில்லை. "வேற வகை மருந்து இருக்குது சார், எடுத்துட்டுப் போங்க. அதையே அடிச்சிட்டு இருந்தா அதுவும் பழகிடும். இந்த மருந்துக்கு இனிமே உங்க வீட்டு ஈ கேக்காது சார்."

கேக்காது. மனைவிக்கு ரத்தத்தில் கிருமி ஏறிக் கிடந்தபோது, ஊசியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு டாக்டரும் இதைத்தான் சொன்னார். "எந்த மருந்துக்கும் கேக்கல சார்." வாய் நிறைய வைத்திருந்த வசவெல்லாம் எனக்கு மறந்துபோனது. பாட்டில்களை அங்கேயே வைத்துவிட்டு, பஸ்ஸில் ஏறத் தோன்றாமல் வீடுவரை நடந்தே வந்தேன்.

மறுநாள் காலை வாசல் தெளிக்கச் சாணி எடுக்கப் பின்பக்கம் போனேன். மனைவி இருந்தவரை விடிந்ததும் சாணி தெளித்துக் கோலம் போடுவாள். கோலம் எனக்கு வராது. சாணி தெளிப்பதையாவது விடவேண்டாம் என்று செய்துவந்தேன். அது பூச்சி பொட்டை அண்டவிடாது என்று அவள் சொல்லுவாள். பின்தெருவில் மாடு வைத்திருக்கும் அம்மாவிடம் ஒரு பக்கெட் நிறைய வாங்கிவந்து, சமையலறைக்குப் பின்னால் கோணியால் மூடிவைத்து, தீரும்வரை அதையே கரைப்பேன். தினமும் போகாததற்குக் காரணம் இருந்தது. போனால் அந்த அம்மா "சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்கும். தனி ஆளிடம் கேட்கிற தொனி ஒன்று இருக்கிறதே, அது எனக்கு ஆகாது.

அன்றைக்கு ஒரு விரலில் அடிபட்டிருந்ததால் வழக்கம்போல மேலோடு அள்ளாமல், குச்சியால் கிளறினேன். அடியில் சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புழு, கொத்துக் கொத்தாக நெளிந்தது. எல்லாம் நாளைய ஈ. பூச்சி வராமல் இருக்க நான் வைத்த சாணியில்தான் அத்தனையும் பிறந்து வளர்ந்து என் சோற்றுக்கு வந்திருக்கின்றன. அவள் வாசலை விடாமல் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருநாளும் சாணியைச் சேர்த்துவைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பக்கெட்டை மாடியில் கொட்டி, சுள்ளென்ற வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிட்டேன். மறுநாளிலிருந்து கிண்ணத்தோடு போனேன். மாட்டுக்கார அம்மா சிரித்தாள். "இன்னா சார், அக்கா மாதிரியே தினம் வர ஆரம்பிச்சிட்டீங்க! சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா" என்றேன். சொல்ல முடிந்தது.

மிச்சம் இருந்த ஈக்களைப் பேப்பரைச் சுருட்டி அடித்தேன். அதற்குமேல் பெரிதாக வரவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, தட்டின்மேல் ஒரு ஈகூட இல்லாதபோதும் இடது கை தானாக ஓட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். உடனே எழுந்து கையைக் கழுவிக்கொண்டு மகளுக்குப் போன் போட்டேன்.

"தீபம் வருது, குழந்தையைத் தூக்கிட்டு வாம்மா. இனிமே பயமில்ல. வீட்ல இப்ப ஈ காக்கா இல்ல."

சொன்னபிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியும்ப்பா" என்றாள் மகள். "ஈ இருந்தப்பவே வந்திருக்கணும்ப்பா."