குமிழி வரவில்லை என்று சொன்ன காலை

அன்றைக்குக் காலையில் எங்கள் ஊர் போலகத்தில் எங்கள் லாரியைச் சுற்றி நாலு பேர் இருந்தோம்: அப்பா, லாரியை ஓட்டுகிற அக்கா வீட்டுக்காரரான அத்தான், பக்கத்து ஊரான பட்டினத்திலிருந்து மொபெட்டில் வந்த மீன் ஏஜெண்டு பாய், அப்புறம் நான். வராதவன் கிளீனர். தங்கைக்குச் சடங்கு என்று ஊருக்குப் போயிருந்தான். அவன் வந்திருந்தால் பானெட்டுக்குள் தலையை விட்டது அவனாக இருந்திருக்கும். எனக்கு இதை எழுத வேண்டி வந்திருக்காது.

பத்து நாளாகக் காலையில் வண்டி எடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றும், இருமும், வெள்ளைப் புகையை ஒரு கொத்து விட்டுவிட்டு அடங்கிவிடும். நாலாவது, ஐந்தாவது தரம் பிடித்தாலும் கொஞ்ச நேரம் நொண்டும். அதற்குள் பேட்டரி இறங்கினால் தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டும். பட்டினத்தில் ஐஸ் போட்ட மீன் வண்டிக்காகக் காத்திருக்கும். ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம். இன்னொரு நாள் இப்படி ஆனால் தஞ்சாவூர் லோடை நாகூர் வண்டிக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லத்தான் பாய் நேரில் வந்திருந்தார். எங்களுக்கு நிரந்தரமாக இருந்தது அந்த ஒரு லோடுதான்.

நான் அப்போது காரைக்காலில் மெக்கானிக்கல் டிப்ளமா கடைசி வருஷம். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள். அப்பா கைநாட்டு. அத்தான் ஐந்தாவதோடு நின்றவர். இருந்தும் வண்டியைப் பற்றி அப்பா வாய் திறந்தால் அத்தானைப் பார்த்துத்தான் திறப்பார். டீசல் பங்க்கில் யாராவது என்னைக் கூப்பிட்டு நிறுத்தினால், "உங்க அத்தான் வீட்ல இருக்காரா?" என்று கேட்கத்தான். அம்மா மீன் தலையை அவர் தட்டில் வைப்பாள். டீசல் இன்ஜின் பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல் மார்க் என்று சொன்ன அன்று அவள், "அப்படியா, கை கழுவிட்டு வா" என்றாள். இதில் எதையும் நான் மறந்ததில்லை.

அத்தான் அன்று அப்பாவிடம் சொன்னது இதுதான்: "டேங்க் ரொம்பி நிக்கிற அன்னைக்கு ஒரே செல்ஃப்ல எடுக்குது மாமா. கொறைஞ்சு நிக்கிற அன்னைக்குத்தான் படுத்துது. எங்கயோ காத்து வாங்குது."

எங்கள் பக்கத்து லாரி எதுவும் எல்லைக்கு வெளியே டீசல் போடாது. பாண்டிச்சேரி வரி என்பதால் காரைக்காலுக்குள் விலை குறைவு. தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது டேங்க்குக்குள் குச்சியை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் தெரிந்தால்கூட ஊர் வந்து சேர்ந்துவிடலாம் என்று ஓட்டி வருவார்கள். வந்து சேர்வதற்குள் பங்க் மூடியிருந்தால், வற்றிய டேங்க்கோடு வண்டி விடியும்வரை நிற்கும். அத்தான் அதை நாள் வாரியாக மனசில் வைத்திருந்தார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. "டேங்க்ல எவ்வளவு கெடக்குன்னு இன்ஜினுக்கு எப்படித் தெரியும் அத்தான்?" என்றேன்.

பாய் சிரித்துவிட்டார். "படிச்ச புள்ள கேக்குது, பதில் சொல்லுங்க டிரைவரே."

அப்பாவும் சிரித்தார். வண்டி விஷயத்தில் அவர் என் பக்கம் நின்று சிரித்தது அதுதான் முதல் தடவை.

அத்தான் கோபப்படவில்லை. பார்த்துவிட்டால் போச்சு என்று, செல்ஃப் அடிக்கக் கேபினில் ஏறி உட்கார்ந்து, கிளீனர் இல்லாததால் என்னைப் பானெட்டுக்குள் குனியச் சொன்னார். பில்டர் மேலிருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்ப்பை அடிக்க வேண்டும். லைன் சரியாக இருந்தால் டீசல் சுத்தமாக வரும். எங்கேயாவது காற்று உள்ளே போனால் குமிழியோடு வரும். இது பரீட்சையில் நான் படம் போட்டு எழுதிய பதில்.

அடித்தேன். குமிழி வந்தது. இன்னும் அடித்தேன். சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்து வந்துகொண்டே இருந்தது, நிற்கவில்லை. அவர் சொன்னது அப்படியே என் விரல்மேல் வழிந்தது.

"என்ன மாப்ள, குமிழி வருதா?"

"வரல அத்தான். சுத்தமா வருது."

சொன்ன கையோடு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டேன். பிறகு நிமிர்ந்து, டீசல் பம்ப்பில் பிரஷர் போய்விட்டது, கழற்றிக் கும்பகோணத்தில் பம்ப் கடைக்கு அனுப்ப வேண்டும் என்று, புத்தகத்தில் இருந்த வார்த்தைகளையெல்லாம் போட்டுப் பேசினேன். அப்பா அத்தானைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "கழட்டிடலாமா தம்பி?" என்று கேட்டார்.

பம்ப்பைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு நானே போனேன். பம்ப் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை, திறந்தது திறந்தாச்சு, உள் சாமானை மாற்றிவிடலாம் என்றார் கடைக்காரர். தலையாட்டினேன். மூன்று நாள் ஆயிற்று. முதல் நாளே நாகூர் வண்டி பட்டினத்துக்கு வந்துவிட்டது.

மாட்டி, டேங்க்கை நிரப்பி, ஏர் எடுத்துவிட்டு செல்ஃப் அடித்தோம். ஒரே அடியில் எடுத்தது. அன்று மத்தியானம் மீன் தலை என் தட்டுக்கு வந்தது. சாப்பிட்டேன்.

அடுத்த நாள் ஒரு செங்கல் லோடுக்குப் போய்விட்டு வற்றின டேங்க்கோடு வண்டி திரும்பியது. மறுநாள் காலை அதே இருமல், அதே வெள்ளைப் புகை.

அத்தான் யாரையும் கூப்பிடவில்லை. தானே ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்ப்பை அடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். நுரைத்து வந்தது. ஸ்க்ரூவை முடுக்கினார்.

"அன்னைக்கும் இப்படித்தான் வந்திருக்கும், இல்ல மாப்ள?"

அவர் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். டேங்க்கிலிருந்து வரும் பைப்பின் இணைப்பில் செப்பு வாஷர் இரண்டும் தேய்ந்து வெடித்திருந்தன. டேங்க் நிறைந்திருக்கும்போது டீசல் மட்டம் அந்த இணைப்புக்கு மேலே நிற்கும். குறைந்ததும் அந்த வழியாகக் காற்று புகுந்து, லைனில் இருந்த டீசல் முழுவதும் விடிவதற்குள் டேங்க்குக்கே இறங்கிவிடும். இன்ஜினுக்குத் தெரியத்தான் தெரிந்திருக்கிறது.

அப்பா வந்து கேட்டபோது அத்தான் கையைத் துடைத்துக்கொண்டே, "பம்ப் கழட்டி மாட்டுனதுல வாஷர் விட்டுருச்சு மாமா. நான்தான் சரியா முடுக்கல" என்றார்.

அப்பா அவரைத் திட்டினார். எனக்குத் தெரிந்து அவரை அப்பா திட்டியது அன்றைக்குத்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் ஓடிய நினைப்பு வேறு: பழியை வாங்கிக்கொள்கிற பெரிய மனசும் இவருக்கே போய்ச் சேர்கிறதே. அவர் திட்டு வாங்குவதைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது. அக்காவிடமாவது அவர் உண்மையைச் சொல்லியிருப்பார் என்று பல நாள் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தேடினேன். சொல்லவில்லை.

லோடைத் திரும்பக் கேட்கப் பட்டினத்துக்கு அப்பாவும் நானும் போனோம். பாய் டீ வாங்கிக் கொடுத்தார். நாகூர் வண்டி நேரத்துக்கு வருகிறது, காரணமில்லாமல் அதை எப்படி நிறுத்துவது என்றார். அப்பா வற்புறுத்தவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது, படித்தவன் நீ, மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று கூட்டிச் சொல் என்றார். கைவிட்டுப் போன லோடுக்கு என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வாஷரை அத்தான் தன் பையிலிருந்து வாங்கியிருந்தார், அதுவும் சேரவில்லை. பம்ப் கடைக்குக் கொடுத்தது, பஸ், வண்டி நின்ற மூன்று நாள், இவ்வளவையும் சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதிக் கூட்டினேன். ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு ரூபாய்.