பாலசமுத்திரத்துப் பித்தளைத் தவலை

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திருப்பதியில் வாடகைக் கார் ஏறினேன். புத்தூர், கார்வேட்டிநகரம் வழியாகப் பாலசமுத்திரம் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். போய்வர இரண்டாயிரத்து ஐந்நூறு என்று ஓட்டுநர் ரமணாவிடம் பேசியிருந்தேன். புது வீட்டைப் பழைய பித்தளைச் சாமான்களால் அலங்கரித்துக்கொண்டிருந்த நேரம். கூடத்தில் செடி வைக்க ஒரு தவலை தேவைப்பட்டது. என்னோடு வேலை செய்யும் செல்வி, தன் அண்ணன் வீட்டில் ஒன்று இருப்பதாகச் சொல்லியிருந்தாள்.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் மாந்தோப்பு வேலைக்குப் போயிருந்தார். அண்ணி கஸ்தூரி தவலையைப் புளி போட்டுத் துலக்கிக் கூடத்தில் வைத்திருந்தாள். அவளுக்குத் தாய்வீட்டுச் சீராக வந்தது. கழுத்தைச் சுற்றிக் கொடி வேலைப்பாடு. வாய் ஒரு சாணுக்கும் குறைவு. ஆறாயிரத்துக்குப் பேசி முடித்தோம். அவள் டீ போட உள்ளே போனாள். நான் தவலையைப் படமெடுத்துக் கணவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய இரண்டு வயது மகள் பவித்ரா தவலைக்குள் குனிந்து கூவி விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்தக் கூவல் அலறலாக மாறியது. நிமிர்ந்து பார்த்தேன். குழந்தையின் தலை தவலைக்குள் சிக்கியிருந்தது.

கஸ்தூரி ஓடிவந்து இழுத்தாள். “காது மாட்டிக்கினு கீதுக்கா, வர்ல!”

எண்ணெய் ஊற்றினோம், சோப்பு தடவினோம். இழுக்க இழுக்க அலறல் கூடியதே தவிர, தலை அசையவில்லை. சித்தூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வரும் வழியில் ஒரு வெல்டிங் கடையைப் பார்த்ததாக ரமணா சொன்னார். காரை எடுத்தோம்.

பின்சீட்டில் கஸ்தூரியின் மடியில் குழந்தை. தவலையின் கனம் கழுத்தில் இறங்காமல் இரு கைகளாலும் தாங்கிப் பிடித்திருந்தேன். அழுகை மெல்ல முனகலானது. பிறகு அதுவும் நின்றது.

“பாப்பா! அம்மா கீறேன்டி, பேசுடி!”

சத்தமில்லை. கஸ்தூரி குழந்தையின் உள்ளங்காலை நறுக்கென்று கிள்ளினாள். தவலைக்குள் வீறிட்டது அழுகை.

“ஏம் காதம்மா, ஒண்ணும் ஆவாது” என்றார் ரமணா, தெலுங்கிலும் தமிழிலுமாக. வண்டியின் வேகத்தைப் பார்த்தால் அவருக்கே அந்த நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

வெல்டிங் கடைக்காரர் பார்த்ததும் பின்வாங்கினார். “கழுத்தாண்ட பிளேடு போடணும். என்னால ஆவாதும்மா, சித்தூருக்கு இட்டுக்கினு போங்க.”

“அதுவரிக்கும் தாங்காதுண்ணா” என்றாள் கஸ்தூரி.

அவர் தவலையைத் தடவிப் பார்த்தார். “அறுத்தா இது ஒண்ணுத்துக்கும் ஆவாது. யாருது இது?”

“என்னுது” என்றோம் நானும் கஸ்தூரியும், ஒரே நேரத்தில். “அறுங்க.”

அறுக்கும் மிஷினை அவர் தொடவில்லை. குழந்தையின் கழுத்துக்கும் தவலையின் விளிம்புக்கும் நடுவில் ஈரத்துணி திணித்து, இரும்பு ஸ்கேலைச் செருகி, கைரம்பத்தால் அறுக்கத் தொடங்கினார். ரமணா துளித்துளியாகத் தண்ணீர் விட்டார். கொடி வேலைப்பாட்டை அறுத்துக்கொண்டு ரம்பம் இறங்கியது. நான் குழந்தையின் தோளை அழுத்திப் பிடித்திருந்தேன். கடைசியில் குறடு வைத்து இருபுறமும் விரித்தார்.

தலை வெளியே வந்தது. எண்ணெய் வழிய, காதுகள் சிவந்து வீங்க, பவித்ரா எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள். “தண்ணி” என்றாள். கஸ்தூரி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

உள்ளூர் டாக்டர் பார்த்து, காதில் சிராய்ப்புதான் என்றார். வீட்டில் இறக்கிவிட்டபோது தவலைக்குப் பேசிய பணத்தை நீட்டினேன். கஸ்தூரி வாங்கவில்லை.

“அறுத்தத வாங்கி இன்னா பண்ணப் போறீங்க? இன்னொரு தபா பாப்பாவப் பாக்க வாங்கக்கா, துன்னுட்டுப் போலாம். சாமான் பாக்க வராதீங்க.”

குரலில் கோபமில்லை. ஆனால் குழந்தையை அவள் இடுப்பிலிருந்து இறக்கவேயில்லை.

திருப்பதியில் எங்கள் மாடியேறினேன். எதிர்வீட்டுக் குழந்தை அந்த வாரம்தான் தவழ ஆரம்பித்திருந்தது.

“தவலை எங்கே?” என்றார் கணவர்.

வாசலில் தண்ணீரும் பூவுமாக இருந்த உருளியைக் காட்டி, “முதல்ல இதை உள்ளே எடுத்து வைக்கணும், ஒரு பக்கம் பிடிங்க” என்றேன்.