அக்காவுக்கு நடக்கப் பிடிக்குமா?

என் நாத்தனாருக்கு நடப்பதுதான் வேலை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஷூ தொழிற்சாலை ஒன்றில், புதிதாகத் தயாராகும் ஜோடிகளை மாட்டிக்கொண்டு பின்புற முற்றத்து வட்டப் பாதையில் மணி அடிக்கும்வரை நடக்க வேண்டும். பாதையில் கொஞ்சம் சிமெண்ட், கொஞ்சம் ஜல்லி, கொஞ்சம் ஈரக்கல், நாலு மரப்படி. மணி அடித்ததும் உள்ளே போய் எங்கே கடித்தது, எங்கே வழுக்கியது என்று சொல்ல வேண்டும். அங்கே அவருக்கு 'மீட்டர்' என்று பெயர். வீட்டில், அவர் தம்பியைக் கட்டிக்கொண்ட எனக்கும் சேர்த்து, அக்கா.

அவர்கள் அப்பா திடீரென்று இறந்துபோனபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது. தம்பி அப்போது பள்ளிக்கூடத்தில். அக்கா படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இந்த வேலையில் சேர்ந்தார். தம்பி படித்துப் பாலம் கட்டும் இன்ஜினியர் ஆனார். அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வந்து, வந்த வழியே போயிற்று. அக்காவுக்கு நடப்பதென்றால் உயிர், பிடித்ததைச் செய்து சம்பளமும் வாங்குகிறாள், கொடுத்துவைத்தவள் என்று என் கணவர் வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

போன வருஷம் தொழிற்சாலையில் அக்காவுக்கு ஒரு நாற்காலி தருவதாகச் சொன்னார்கள். இனி நடக்க வேண்டாம், நடப்பவர்கள் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். நானாக இருந்தால் அன்றைக்கே போய் உட்கார்ந்திருப்பேன். அக்கா ஒரு வாரம் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றி வந்துவிட்டு, சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு நடக்கப் பிடிக்குமாம்மா?" என்று கேட்டார்.

இதென்ன கேள்வி என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மணி அடித்தால் நடந்திருக்கிறேன், மணி அடித்தால் நின்றிருக்கிறேன், எனக்காக ஒரு நாளும் நடந்து பார்த்ததில்லை என்றார். பிடிக்கும் என்றால் நாற்காலி எதற்கு? பிடிக்காது என்றால் நாற்காலியை ஏன் விட வேண்டும்? அதனால் எங்காவது போய் நாலைந்து நாள் சும்மா நடந்து பார்க்கப் போகிறாராம். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. துணிக்கடையில் பில் போடும் எனக்கு அப்போது வியாபாரம் மந்தம். ஆகவே துணைக்கு நான். பஸ் ஸ்டாப்புக்குக்கூட ஆட்டோ தேடுகிற நான்!

எந்த ஊர் என்பதில்தான் ரகளை ஆரம்பித்தது. சீசனில் போகவே கூடாது என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றார். கூட்டத்தில் போனால் முன்னால் போகிறவரின் வேகத்துக்குத்தான் நடக்க வேண்டும், பிடித்தது யாருக்கு என்று எப்படித் தெரியும்? பஸ்ஸும் கூடாது. காலை மடக்கி உட்கார்ந்தால் பாதம் வீங்கிவிடும், வீங்கின காலின் அபிப்பிராயம் செல்லாது. ரயிலில் போய் இறங்கி, பெட்டியை அறையில் வைத்துவிட்டு, அந்த வாசலிலிருந்தே நடக்க வேண்டும். தினம் ஒரு பாதை, ராத்திரிக்கு அதே கட்டில்.

நான் கடலோர ஊர் ஒன்றைச் சொன்னேன். அக்கா அங்கிருந்த லாட்ஜுக்குப் போன் போட்டு, நடக்கிற இடம் மண்ணா மணலா என்று கேட்டார். மணல் என்றதும் நன்றி சொல்லி வைத்துவிட்டார். மணல் காலை இழுக்கும், கோபம் மணல் மேலா நடை மேலா என்று குழம்பிவிடுமாம். மலையில் ஒரு ஊர் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். ஏரிக்கரை ஊர்க்காரர், பாதை ஏரியைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும் என்று பெருமையாகச் சொன்னார். சுற்றி வருவதற்கு நான் ஏன் ரயில் ஏற வேண்டும் என்று அக்கா என்னிடம் கேட்டார். நியாயம்தான்.

கடைசியில் அகப்பட்டது, ரயில் பாதை முடிகிற ஒரு ஆற்றங்கரை ஊர். லாட்ஜ்கார அம்மா போனிலேயே எங்களைத் தடுக்கப் பார்த்தார். இப்போது படகு ஓடாது, பாதிக் கடை மூடியிருக்கும், ஒருத்தரும் வர மாட்டார்கள் என்றார். அக்காவுக்கு வாயெல்லாம் பல். அப்போதே அறை போடச் சொல்லிவிட்டார்.

போய்ச் சேர்ந்தால், சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளெல்லாம் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தன. எங்களுக்காக இரண்டை மட்டும் இறக்கிப் போட்டார்கள். தெருவில் எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்டது. சும்மா சொல்லக்கூடாது, அக்கா கேட்ட அமைதி அப்படியே கிடைத்தது.

முதல் நாள் ஆற்றோரமாக மேற்கே போனோம். அக்கா நடக்கவில்லை, வேலை பார்த்தார். கண் மண்ணை விட்டு எழவில்லை. வலது குதிகால் லேசாக உள்ளே சாய்கிறது என்று யாருமில்லாத காற்றுக்கு ரிப்போர்ட் கொடுத்தார். தண்ணீரில் ஒரு கொக்கு நின்றது, பாருங்கள் என்றேன். அதைத் தாண்டிப் போன பிறகு திரும்பிப் பார்த்தார். எனக்கு மூச்சு வாங்கியது, அவர் நிற்கிற வழியாகத் தெரியவில்லை.

"அக்கா, மணி அடிச்சாச்சு!" என்று கத்தினேன்.

சட்டென்று நின்றுவிட்டார். பிறகு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அவர் நின்ற விதம் ராத்திரிவரை என் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் வேண்டுமென்றே ஆமை வேகத்தில் நடந்தார். பாட்டுக் கேட்டுக்கொண்டு நடந்தார். என்னோடு ஊர்வம்பு பேசிக்கொண்டும் நடந்து பார்த்தார். அதற்கடுத்த நாள் காட்டுப் பாதை. என்னை முன்னால் போகச் சொன்னார். நம்ப மாட்டீர்கள், அந்த வளைவுக்கு அப்பால் என்ன, அதற்கும் அப்பால் என்ன என்று நான் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். பதறிப்போய் வந்த வழியே ஓடினேன். வெட்டிப் போட்ட ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து, இலைகளுக்கு நடுவே எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிக்கலைம்மா," என்றார். "எப்படி நடந்தாலும் பிடிக்கலை."

ஏதோ தொலைந்த சாமான் கிடைத்துவிட்ட முகம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார். கல்லூரியில் சேர்கிற வருஷம் தம்பி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நீ கஷ்டப்பட்டது போதும், நானும் வேலைக்குப் போகிறேன் என்று அடம் பிடித்திருக்கிறார். இவர் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார்: கஷ்டமா? எனக்கு நடப்பதென்றால் உயிர். அவரும் நம்பிப் படிக்கப் போய்விட்டார். அப்புறம் அதை மாற்றிச் சொல்ல நேரமே வரவில்லை.

"சொல்லிச் சொல்லி, நெஜமா பொய்யான்னு எனக்கே மறந்துபோச்சு," என்றார் அக்கா. "நீ அவன்கிட்ட சொல்லிடாதே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், கூடவே அழுகை. என் வாயில் எதுவும் நிற்காது என்பது ஊரறிந்த விஷயம். போனை எடுத்து என் கணவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, அக்கா கையில் திணித்தேன். நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

அக்கா என்னை முறைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த நாற்காலியை எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று தம்பியிடம் சொன்னார். ஏன், உனக்குத்தான் நடப்பதென்றால் என்று அவர் பழைய பாட்டை ஆரம்பித்தார்.

"இல்லடா. எனக்குப் பிடிக்காது. எப்பவுமே பிடிச்சதில்லை."

 என் கணவர் ஏதாவது நியாயம் பேசப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவரோ எனக்குப் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

"கால் வலிக்குதாக்கா?"

நானும் இதை ஒரு நாள் கேட்டதில்லை. அக்கா இரண்டு காலையும் ஷூவோடு முன்னால் நீட்டிப் போட்டுக்கொண்டார்.

"வலிக்குதுடா," என்றார். "ரொம்ப நாளா வலிக்குது."