ஓட்டவா, விக்கவா?

டிங்கரின் வலது கையில் சின்னச் சுத்தி இருந்தது. இடது கை விரல்கள் காரின் கதவுக்குக் கீழே ஓடும் படியைத் தடவிக்கொண்டே போயின. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தட்டு. டிங், டிங், டிங். முன்சக்கரத்திலிருந்து இரண்டு சாண் தள்ளிப் போனதும் சத்தம் மாறியது. தொப், தொப். சுத்தியைத் திருப்பிக் கூர்முனையால் லேசாகக் குத்தினார். ஊறிய பிஸ்கட்டில் இறங்குவதுபோல முனை இறங்கியது.

“அங்கதாண்ணே. அவர் குதிகால் அங்கதான் உள்ள போச்சு” என்றார், பக்கத்தில் குனிந்து நின்ற கார்க்காரம்மா.

“அடி பலமாம்மா?”

“முழங்காலுக்குக் கீழ தோல் வழண்டுடுச்சு. இடுப்பு பெல்ட்ட நான் பிடிச்சிருந்தேன், அதனால தரைக்குப் போகல. போயிருந்தா நானும் சேர்ந்து போயிருப்பேன்.”

அவர் சொன்னது தன் கணவரை. நில அளவையாளராக முப்பது வருடம் வெயிலில் அலைந்த மனிதர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. பேச்சும் ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தை என்று சுருங்கியது. திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரியில் அவருக்கு நடைப்பயிற்சி. ஆறு மாதம் ஒழுங்காகப் போனதில், கைத்தடியோடு பத்தடி நடக்க ஆரம்பித்திருந்தார்.

இத்தனை பழைய காரை எதற்குக் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டும் என்று கேட்பவர்கள், சக்கர நாற்காலியிலிருந்து ஒருவரைக் காருக்குள் மாற்றிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். நாற்காலியின் உயரமும் கார் இருக்கையின் உயரமும் ஒன்றாக இருந்தால் ஒரு பெண்ணே போதும். இரண்டு அங்குலம் ஏற வேண்டியிருந்தால் இன்னோர் ஆள் வேண்டும். மூன்று அங்குலம் தணிந்திருந்தால் உட்காரவைப்பது சுலபம். எழுப்புவதற்குள் எழுப்புகிறவர் இடுப்பு போய்விடும். கார்க்காரம்மா அளவு நாடாவோடு போய்ச் சொந்தக்காரர்கள் வண்டியையெல்லாம் அளந்து பார்த்துவிட்டார். கொழுந்தனாரின் வண்டியில் ஏறுவது மாடி ஏறுகிற மாதிரி. மகளின் வண்டியில் உட்காருவது பள்ளத்தில் இறங்குகிற மாதிரி. இந்தக் காரில்தான் வித்தியாசம் அரை அங்குலம். கதவும் தாராளமாகத் திறக்கும். ஆஸ்பத்திரி வண்டி என்று ஒன்று உண்டு. படுக்கவைத்துப் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு போவார்கள். ஒரு தடவை அதில் போய்வந்த அளவையாளர் “மூட்டை” என்று ஒரே வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு அதில் ஏற மறுத்துவிட்டார்.

“வியாழக்கிழமை எட்டரைக்கு அங்க இருக்கணும்ணே. இன்னைக்குப் போகல. வியாழனும் போகலன்னா மனசு விட்டுடுவார். அப்புறம் அவரைக் கிளப்புறது என்னால ஆகாது.”

“புதன் சாயங்காலம் வண்டி ரெடியா நிக்கும்மா” என்றார் டிங்கர்.

கார்க்காரம்மா தெருமுனை திரும்பியதும், ஷெட்டின் பின்வாசலில் நின்றிருந்த டிங்கரின் மனைவி கேட்டார்: “ஏங்க, அந்தம்மாவ மட்டும் ஏன் கேக்கல?”

“என்னத்த?”

“ஓட்டவா, விக்கவான்னு.”

எந்த வண்டி வந்தாலும் டிங்கர் கேட்கும் முதல் கேள்வி அது. ஓட்டுவதற்கான வேலை என்றால் துருவை வெட்டி எறிந்து புதுத் தகடு வைக்க வேண்டும், நாள் பிடிக்கும். விற்பதற்கான வேலை என்றால் ஓட்டையில் எதையாவது திணித்து, மேலே பட்டி பூசித் தேய்த்து, பெயிண்ட் அடித்தால் போதும். வாங்குகிறவர் வீடு போய்ச் சேரும்வரை பளபளக்கும். ஊரில் டிங்கர்கள் எல்லோருமே இரண்டும் செய்தார்கள். இவர் ஒருவர்தான் வாய்விட்டுக் கேட்பார். அது நேர்மை என்று சிலர் பாராட்டினார்கள், அவரும் மறுக்கவில்லை.

“ஒம்போது வருஷமா வர்ற கஸ்டமர். இதுல என்னத்தக் கேக்குறது?” என்று சொல்லிவிட்டு ஜாக்கியை உருட்டிக்கொண்டு போனார்.

டிங்கருக்கு வயது அறுபத்திரண்டு. பதினாறு வயதில் பஸ் கூண்டு கட்டும் பட்டறையில் ரிவிட் அடிக்கச் சேர்ந்தார். பன்னிரண்டு வருடம் அந்தச் சத்தத்திலேயே கிடந்ததில் இடது காது பாதி போனது. அதற்குப் பிறகு நடந்த கல்யாணம் என்பதால்தான் இந்த மனிதர் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறார் என்பது மனைவியின் கட்சி. கல்யாணமான வருடமே வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டுத் தனியாக வேலை பார்க்க ஆரம்பித்தார். இரண்டு பெண்களும் படித்து, அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் உண்டு. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். அடுக்களையிலிருந்து ஷெட்டுவரை நடக்கிறார். நகக்கண்ணில் பட்டி இல்லாமல் சாப்பிட உட்கார்ந்ததில்லை. மற்றபடி குறை சொல்ல முடியாத ஆள்.

உதிரிபாகம் தேடுவது மனைவியின் வேலை. பழைய இரும்புக்கடைகளுக்கு அவர் போன் போட்டார்.

“அந்த மாடலா? செஞ்சவனே மறந்து பதினஞ்சு வருஷம் ஆச்சேக்கா” என்றது ஒரு கடை. “முழு வண்டியே நிக்குது, வேணுங்கறத வெட்டிக்கச் சொல்லுங்க” என்றது இன்னொன்று. டிங்கர் ஆசையாகப் போய்ப் பார்த்தார். அந்த வண்டியிலும் அதே இடம்தான் அரித்துப்போயிருந்தது.

“பரம்பரை வியாதி” என்று சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினார்.

ஆக, படியைக் கையால் செய்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை கதவைக் கழற்றினார். கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் ஒன்றை முட்டுக் கொடுத்தார். படியை எடுத்ததும் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டால், பிறகு அந்தக் கதவு ஆயுசுக்கும் சரியாக மூடாது. முட்டு நின்றதும் தகடு அறுக்கும் கிரைண்டரை வைத்தார். பட்டியும் துருவும் கட்டிகட்டியாக உதிர்ந்தன. உள்ளே கையை விட்டு இழுத்தார். துணி வந்தது.

தேநீரோடு வந்த மனைவி தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அந்தத் துணியை வாங்கி உதறினார். துருவுக்கு நடுவே நீலக் கோடுகள் தெரிந்தன.

“இது என் தம்பி கல்யாணத்துக்கு எடுத்த சட்டையில்ல?”

“கோடு போட்ட சட்டை ஊருல ஆயிரம் இருக்கும்.”

“பித்தான் நான் தச்சது. நீல நூல் தீந்துபோயி பச்சை நூல்ல தச்சேன், இந்தா பாருங்க. கொடியில காஞ்சத காத்து தூக்கிட்டுப் போச்சுன்னீங்களே! காத்து இதைக் காருக்குள்ளயா கொண்டுபோய்ச் சொருகுச்சு?”

டிங்கர் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின்மேல் உட்கார்ந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு தரகர் இந்தக் காரைக் கொண்டுவந்து ‘விக்க’ என்று சொன்னார். திணிப்பதற்குச் சாக்கு பாதிக்குத்தான் இருந்தது. சட்டை கைக்கு எட்டும் தூரத்தில் காய்ந்தது. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை என்றெல்லாம் காரணம் கிடையாது. சொன்னார்கள், செய்தார்.

நாலு மாதம் கழித்து அதே காரை ஓட்டிக்கொண்டு, பம்பரில் ஒரு சொட்டையோடு, கார்க்காரம்மா வந்தார். பார்த்த உடனே டிங்கருக்கு வண்டி அடையாளம் தெரிந்தது. பம்பரைத் தட்டிச் சரிசெய்து கொடுத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் படியில் பெயிண்ட் கொப்புளித்தது. ஒவ்வொரு தடவையும் மேலாகத் தேய்த்து ஒரு பூச்சு பூசி அனுப்பினார். கார்க்காரம்மாவோ, ‘நான் நம்புற ஒரே டிங்கர் இந்த அண்ணன்தான்’ என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பக்கமுமா?” என்றார் மனைவி.

“ரெண்டு பக்கமும்.”

“அந்தப் பக்கம் என்னத்த வச்சீங்க? என் சேலையவா?”

“சாக்கு.”

“அதுவரைக்கும் பொழச்சேன். சரி, அந்தம்மாகிட்ட சொல்லப் போறீங்களா?”

“முதல்ல வேலை முடியட்டும்.”

“நான் கேட்டது அது இல்ல.”

டிங்கர் எழுந்து, இடது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

தகட்டுக்கு எங்கே போவது? ஓரத்தில் கிடந்த பழைய வாஷிங் மெஷினின் தகடு மெலிசு. குதிகால் பட்டாலே நெளியும். டிங்கர் வீட்டுக்குள் போய்க் கைகழுவினார். கழுவிக்கொண்டே இரும்பு அலமாரியைப் பார்த்தார். ஏதோ ஆபீஸ் மூடியபோது வாங்கிப்போட்ட அந்தக் காலத்து அலமாரி. மனைவி அதில் போர்வைகளை அடுக்கியிருந்தார்.

“பார்க்காதீங்க” என்றார் மனைவி.

“சும்மாதான் பார்த்தேன்.”

“உங்க சும்மா எனக்குத் தெரியும்.” போர்வையைத் தட்டித் தட்டி மடித்தார். பிறகு திருப்புளியை எடுத்துவந்து கணவர் கையில் கொடுத்தார். “ஒரு கதவ எடுத்துக்கங்க. நான் திரை கட்டிக்கறேன். அந்த மனுஷன் கால் உள்ள போனத நெனச்சா எனக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது.”

அலமாரிக் கதவின் தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன் முழுசாக இருந்தது. பெயிண்டைச் சுரண்டிவிட்டு, அட்டைப்பெட்டியில் வெட்டிய அளவை அதன்மேல் வைத்துக் கோடு போட்டார். ஒரு படிக்குப் பாதிக் கதவு போதும். இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவே தகட்டை இறுக்கி, மரச் சுத்தியால் ஓரத்திலிருந்து ஓரம்வரை கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினார். ஒரே இடத்தில் அடித்தால் தகடு அங்கேயே கோபித்துக்கொண்டு நெளிந்துவிடும். உள்ளே குதிகால் வரும் இடத்தில் கூடுதலாக ஒரு பட்டை வைத்தார். பற்றவைக்கும்போதும் அப்படித்தான்: முன்னால் ஒரு பொட்டு, பின்னால் ஒரு பொட்டு, நடுவில் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஈரத்துணி ஒற்றல். அடியில் தண்ணீர் வடிய மூன்று துளை போட்டார். போன தடவை பட்டியால் அடைத்ததே அந்தத் துளைகளைத்தான். உட்பக்கத்துக்குத் துருத்தடுப்புப் பெயிண்ட் ஊற்றி, வண்டியைச் சாய்த்துச் சாய்த்து ஓடவிட்டார்.

புதன் நாலு மணிக்குக் கதவை மாட்டினார். ஒரு விரலால் தள்ளினார். ‘டப்’ என்று மூடிக்கொண்டது. வெளிப் பெயிண்டின் நிறம் ஒரு மாற்றுக் குறைவுதான். அது யாரையும் கீழே தள்ளாது.

ஐந்தரைக்குக் கார்க்காரம்மா, நாற்காலியில் கணவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாற்காலியைக் காருக்குச் சாய்வாக நிறுத்தி, பிரேக் போட்டு, கால் வைக்கும் தட்டுகளை ஒதுக்கினார். பெல்ட்டைப் பிடித்து, “ஒண்ணு, ரெண்டு, எழுந்திருங்க” என்றார். அளவையாளர் வலது கையால் கதவுத் தூணைப் பிடித்து எழுந்தார், திரும்பினார், உட்கார்ந்தார். பிறகு வலது குதிகாலைப் படியில் ஊன்றினார். எல்லோரும் அந்தக் காலையே பார்த்தார்கள். ஓர் உந்து உந்தினார். படி அசையவில்லை. அவர்தான் இருக்கையின் பின்பக்கம்வரை நகர்ந்து நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“கல்லு” என்றார்.

கார்க்காரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “நான் சொன்னேனா இல்லையா? அண்ணன்கிட்ட விட்டா கவலையே இல்லன்னு?”

டிங்கரின் மனைவி வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உலர்ந்த கையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். டிங்கர் சாவியை நீட்டினால் வேலை முடிந்தது. ஓட்டுநர் பக்கத்துப் படி இன்னும் ஒன்றிரண்டு மழை தாங்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால், ஊரெல்லாம் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்த வாய் அன்றோடு நின்றுபோகும்.

“அம்மா” என்றார். “இதுல துணிய திணிச்சு பட்டி பூசுனவன் நான்தான்.”

“என்னது?”

“நீங்க வாங்குறதுக்கு முன்னால. விக்கிற வேலைன்னு சொன்னாங்க, செஞ்சேன்.”

கார்க்காரம்மா கணவரின் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தார், செருப்பைச் சரிசெய்தார், அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார். “அப்ப அது தெரிஞ்சேதான் வருஷா வருஷம் மேல பூசி மேல பூசி அனுப்பினீங்க.”

“ஆமாம்மா.”

“அவர் விழுந்திருந்தா?”

டிங்கர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மனைவி துணைக்கு வரவில்லை.

“கேக்குறேன்ல. இடுப்பு எலும்பு முறிஞ்சிருந்தா, அதோட படுக்கைதான். உங்க பட்டியையா வச்சு அடைப்பீங்க?”

“தப்புதாம்மா. அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

காருக்குள்ளிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அளவையாளர் வலது கை விரலால் தனக்குப் பக்கத்து இருக்கையைக் காட்டினார்.

“அந்த… பக்கம்?”

“அதுவும்தான் சார்” என்றார் டிங்கர். “அங்க உள்ள சாக்கு.”

அளவையாளரின் முகத்தில் ஒரு பாதி சிரித்தது. மனைவியைப் பார்த்தார். “உன்… பக்கம்” என்றார். பிறகு டிங்கரைப் பார்த்து, “வெட்டு” என்றார்.

கார்க்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார். “நாளைக்குப் பத்து மணிக்குக் கொண்டுவரேன். திங்கக்கிழமை காலையில எனக்கு வண்டி வேணும். நான் பக்கத்துலயே உக்காந்து பார்ப்பேன். பட்டி டப்பா என் கண்ணுல படக்கூடாது.”

“படாதும்மா.”

அன்றைக்குச் சாப்பிடும்போது டிங்கர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனைவி அதைப் பார்த்தும் பார்க்காததுபோலப் பரிமாறினார்.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்குள் டிங்கர் பட்டி டப்பாக்களை ஷெட்டின் பின்னால் கொண்டுபோய் அடுக்கிவிட்டு, தரையைப் பெருக்கினார். பத்தேகாலுக்குக் கார் வந்தது. அளவையாளர் அன்று பதினான்கு அடி நடந்திருந்தார். இறங்கும்போதே அதை விரல்விட்டுக் காட்டினார், ஒரே கையால் ஐந்து, ஐந்து, நாலு என்று. டிங்கரின் மனைவி கார்க்காரம்மாவுக்கு நிழலில் நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார். அவர் வாங்கிக் குடித்தார்.

ஓட்டுநர் பக்கக் கதவைக் கழற்றி, வாசலில் முட்டுச் சட்டத்தை நிறுத்தியதும், டிங்கர் மூலைக்கு மூலை அளவு எடுத்தார். வெட்டிய பிறகும் அதே அளவு இருக்க வேண்டும். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடித் திரும்பியபோது, அளவையாளர் சக்கர நாற்காலியிலிருந்து வலது கையை நீட்டியிருந்தார். டிங்கர் நாற்காலியை அருகில் தள்ளி, நாடாவை அவரிடம் கொடுத்தார்.

அளவையாளர் கண்ணைச் சுருக்கி, அவசரப்படாமல் எண்ணைப் படித்தார். “நாப்பத்தி… ரெண்டு… கால்.”

“கால்தானா சார்?”

“கால்.”

டிங்கர் அதைச் சாக்பீஸால் முட்டுச் சட்டத்தின்மேல் எழுதினார். எல்லோரையும் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிரைண்டரைப் போட்டார்.